கப்பலுக்கு ஒரு வக்கீல்

கள்ளக்குறிச்சியில் தடுக்கி விழுந்தால் ஒரு வக்கீல் மேல்தான் விழவேண்டும். பாகப்பிரிவினையா, வரப்புத் தகராறா, கல்வராயன் மலைச் சாராய வழக்கா, எதற்கும் ஆள் உண்டு. கப்பலுக்கு மட்டும் இல்லை. எங்களுக்கு வேண்டியிருந்ததோ கப்பல் வக்கீல்.

என் தம்பி ஒரு சரக்குக் கப்பலில் சமையல்காரன். வெளிநாட்டுத் துறைமுகத்துக்குச் சற்றுத் தள்ளி கப்பலை நங்கூரம் போட்டு நிறுத்திவிட்டு, முதலாளி தலைமறைவாகிவிட்டான். உள்ளே இருந்தவர்கள் மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டார்கள். தம்பியை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான்.

அப்பா நேரே எங்கள் குடும்ப வக்கீலிடம் போனார். பெரியப்பாவோடு எங்களுக்குள்ள நிலத் தகராறை, நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து ஜவ்வாக இழுக்கும் புண்ணியவான். "நாலு எல்லை சொல்லுங்க" என்று ஆரம்பித்தார். கிழக்கே கடல், மேற்கே கடல் என்று நான் சொல்ல, அப்பா முறைத்தார்.

வக்கீல் கண்ணாடியைத் துடைத்தபடி தீர்ப்பே சொல்லிவிட்டார். "வுட்டுட்டு ஓடின சொத்துங்க. யாரு கையில, அனுபவத்துல இருக்குதோ அவங்க பக்கந்தான் கேஸு. தம்பிய மட்டும் எறங்கிட வேணான்னு சொல்லுங்க."

"கப்பல வெச்சுக்கினு நாம இன்னா பண்றது? மணலூர்பேட்டை ஆத்துல வுடறதா?" என்றேன்.

"உனுக்கு இன்னா தெரியும், கம்முனு கெட" என்றார் அப்பா. நில வழக்கிலேயே ஊறிய மனுஷன். அன்றைக்கே தம்பிக்குப் போன் போட்டார். இரண்டு நாளில் எங்கள் ஊர் தியாகதுருகம் கடைத்தெருவே என்னைக் கப்பல்காரர் வீட்டுப் பெண் என்று கேலி செய்தது.

அடுத்த வாரம் எல்லோரையும் கரையேற்றி ஊருக்கு அனுப்பத் துறைமுகத்திலிருந்து படகு வந்தது. தம்பி மட்டும் இறங்கவில்லை.

எனக்கு வந்த கோபத்தில் அப்பாவைச் சென்னைக்கு இழுத்துப்போனேன். கப்பல் வழக்கு மட்டுமே பார்க்கும் ஒரு வக்கீலம்மாவை விசாரித்துக் கண்டுபிடித்தோம்.

"எல்லாரும் எறங்கும்போது அவரு மட்டும் ஏன் எறங்கல?" என்று கேட்டார் அவர்.

"அனுபவத்துல இருக்காம்மா" என்றார் அப்பா, பெருமையாக.

வக்கீலம்மா எழுதுவதை நிறுத்தினார். "கடைசியா இருக்கறவரு முதலாளி ஆகமாட்டாருங்க. காவலாளிதான் ஆவாரு. மாத்து ஆள் வர்ற வரைக்கும் அந்த ஊரு அதிகாரிங்க அவர எறங்க விடமாட்டாங்க. நான் பாக்கறேன், ஆனா நாளாகும்."

வெளியே வந்ததும் அப்பா என் போனைக் கேட்டார். வழியெல்லாம் சேர்த்துவைத்திருந்த வசவை விழுங்கிவிட்டு, தம்பி நம்பரைப் போட்டுக் கொடுத்தேன். "எறங்கி வந்துருடா கண்ணு" என்றார்.

"அன்னைக்கே படகுல ஒரு கால வெச்சுட்டம்பா" என்றான் தம்பி. "நீ சொன்னியேன்னுதான் எடுத்துட்டேன்."