கணவரின் உதட்டுக் கொப்புளம்

கண்டக்குழியில் டொல்பின் பார்க்க வரும் வெள்ளைக்காரர்களை என் கணவர்தான் படகில் கூட்டிப்போவார். போன சீசனில் ஒரு நாள் உதட்டோரத்தில் கொத்தாகக் கொப்புளத்தோடு வீட்டுக்கு வந்தார். போனில் தேடினேன். முத்தத்தால் தொற்றும் என்று முதல் வரியிலேயே இருந்தது. அதற்குமேல் நான் ஏன் வாசிக்கிறேன்?

அந்தக் கிழமை முழுக்க ஒரு வெள்ளைக்காரி அவருடைய படகில்தான் போய்வந்தாள். இறங்கும்போது அவள் அவர் கையைப் பிடித்துக்கொள்ள, இருவரும் சிரித்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். என்னோடு அவர் அப்படிச் சிரித்து எவ்வளவு காலம்! நிக்காஹ் ஆன பதினொரு வருடமாக ஒரே சஹன் தட்டில் சேர்ந்து சாப்பிடுகிறவர்கள் நாங்கள். அன்று அவருக்குத் தனிப் பீங்கானில் சோறு போட்டேன்.

“என்ன புதுசா?”

“அவளோட போய்ச் சாப்பிடுங்க.”

“எவளோட?”

“சும்மா நடிக்காதீங்க! நான் உம்மா வீட்டுக்குப் போறன்.”

உடுப்பையும் அடுக்கிவிட்டேன். அவர் கெஞ்சவில்லை. “முதல்ல டொக்டர்ட்ட போவம். பொறகு எங்க வேணுமெண்டாலும் போங்க” என்று புத்தளத்துக்குக் கூட்டிப்போனார்.

டொக்டரம்மாவிடம் நானே முந்திக்கொண்டேன். “இது யார்ட்ட இருந்து வந்த?”

“யாருக்குத் தெரியும்?” என்று டொக்டரம்மா சிரித்தார். “அநேகமா சின்ன வயசிலயே வந்திருக்கும். கொஞ்சின சொந்தக்காரர் யாரும் குடுத்திருக்கலாம். கொப்புளம் ஆறினாலும் கிருமி போகாது. காதுக்குக் கிட்ட ஒரு நரம்பு முடிச்சில சத்தமில்லாம வருசக்கணக்காப் படுத்திருக்கும். காய்ச்சல், கவலை, கடும் வெயில் எண்டா எழும்பி அதே நரம்பு வழியா உதட்டுக்கு வரும். இவருக்குக் கடல் வெயிலே போதும்.”

பூசக் களிம்பு தந்தார். காயும்வரை ஒரே கிளாசில் குடிக்க வேண்டாம் என்றார்.

ஆறுதல் வந்திருக்க வேண்டும். எங்கே! அந்த ‘யாருக்குத் தெரியும்’ ஒன்றையே பிடித்துக்கொண்டேன். பஸ்ஸில் அவரைக் குடைந்தெடுத்தேன். “அவளாவும் இருக்கலாந்தானே?”

அவர் பொறுமையிழந்து என் பக்கம் திரும்பினார். “நிக்காஹ் முடிஞ்ச ரெண்டாம் மாசம் உங்களுக்குக் காய்ச்சல் வந்திச்சு. உதட்டில இதே கொப்புளம். நான்தான் கஞ்சி பருக்கினன். யார்ட்ட இருந்து வந்ததெண்டு கேட்டனா?”

யா அல்லாஹ், உண்மைதான். அவர் கேட்கவே இல்லை. அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

“ஏன் கேக்கல்ல? நான் எவனோட போனாலும் உங்களுக்கு ஒண்டுமில்லையா?”

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

“மனசுக்குள்ள பதினொரு வருசமாக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன்” என்றார். “பதிலுக்குப் பயந்து வாயத் திறக்கல்ல.”