மிசாகி இலையை மூடிய ஞாயிற்றுக்கிழமை

ரங்கூன், இப்போதைய யாங்கோன், என் பட்டியலிலேயே இல்லை. கொரோனாவுக்கு முந்தைய ஒரு டிசம்பரில், டோக்கியோவுக்குப் பக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் சைதாமாவிலிருந்து விடுமுறைக்கு மதுரை கிளம்பிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு அம்மாள் ஒரு டப்பா பிஸ்கட்டோடு வந்து தலைகுனிந்து நின்றார். அவர் மகள் மிசாகிக்குப் பதினாறு வயது. மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஆறு வாரம் யாங்கோன் போயிருந்தாள். தங்கியது ஒரு தமிழ்க் குடும்பத்தில். மூன்றாவது வாரமே "விடுதிக்கு மாறிக்கொள்கிறேன்" என்று அம்மாவுக்குச் செய்தி அனுப்பிவிட்டாள், காரணம் சொல்லவில்லை. வீடு மாறினால் பரிமாற்றமே அறுந்துவிடும். ஏப்ரலில் அந்த வீட்டுப் பெண் நிலா ஜப்பான் வந்து இவர்கள் வீட்டில் தங்குவதும் நடக்காது.

"நீங்களும் தமிழ்தானே, போகிற வழியில் ஒரு எட்டுப் பார்க்க முடியுமா?" என்றார். போகிற வழியாம்! பிஸ்கட்டை வாங்கிவிட்டேன், மறுக்க முடியவில்லை.

சனிக்கிழமை காலை 11 மணிக்கு நரிட்டாவில் ஏறி, உள்ளூர் நேரம் மாலை 4.30க்கு யாங்கோனில் இறங்கினேன். எட்டு மணி நேரப் பயணம், கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் பின்னால் திருப்ப வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அப்போது விமான நிலையத்திலேயே விசா, ஐம்பது டாலர். நகர நடுவிலுள்ள கியாக்டடாவுக்கு டாக்சி 9,000 கியாட். பதினாறு கிலோமீட்டரைக் கடக்க ஒன்றேகால் மணி நேரம் ஆனது. ஓட்டுநர் முதலில் கேட்டதே "சா பீபீலா?" என்றுதான். சாப்பிட்டாச்சா என்று அர்த்தம், அதுதான் இந்த ஊர் வணக்கம். நான் விமானச் சாப்பாட்டை நினைத்து முகம் சுளித்ததும் ஒரு கையால் வறுத்த கடலையை நீட்டினார். ஊர் அப்போதே பிடித்துப்போய்விட்டது.

ஞாயிறு காலை 7 மணிக்கு, ஊரைச் சுற்றிவரும் வட்ட ரயில். அந்தக் குடும்பம் இருக்கும் இன்சீனுக்கு 200 கியாட், ஐம்பது நிமிடம். ஜப்பானில் ஓடி ஓய்ந்த பெட்டிகள் அவை, கதவருகே ஜப்பானிய எழுத்துகள் அப்படியே இருந்தன. ஸ்டேஷனில் மிசாகியும் நிலாவும் காத்திருந்தார்கள். இருவரும் கன்னத்தில் சந்தனம்போல் தனாக்காப் பட்டைக் குழம்பு பூசி, லொஞ்சி என்னும் பர்மிய லுங்கி கட்டி, தோள் உரசிச் சிரித்தபடி நின்றார்கள். இதில் எங்கே பிரச்சினை என்று எனக்குப் புரியவே இல்லை.

வீட்டில் புரிந்தது. நிலாவின் அம்மா லட்சுமியக்கா (அக்கம்பக்கத்துக்கு டோ லட்சுமி, 'டோ' பர்மிய மரியாதைச் சொல்) மிசாகிக்கு நாலு இட்லி வைத்தார். அவள் துணுக்கு மிச்சமில்லாமல் முடித்தாள். மேலும் இரண்டு விழுந்தன. அதையும் முடித்தாள். அடுத்து ஒரு கிண்ணம் மொஹிங்கா, மீன்சாறு ஊற்றிய நூடுல்ஸ். மிசாகி பர்மியச் சொல்லில் "தோபீ" என்றாள், போதும் என்று.

"ஆனாடே, ஆனாடே! புள்ள கூச்சப்படுது" என்று பர்மியமும் தமிழும் கலந்து சொல்லி லட்சுமியக்கா என்னிடம் கண்ணடித்தார். "தட்டு காலியா கிடந்தா நம்மளுக்கு மனசு கேக்குமா? ஒல்லியா அனுப்பிவச்சா அவுங்க அம்மா என்னைய என்னா நெனப்பாங்க?"

மிசாகி அதையும் முடித்தாள். கண்ணில் நீர் முட்டியது.

மாடிப்படியில் உட்கார்ந்து ஜப்பானிய மொழியில் என்னிடம் கொட்டித் தீர்த்தாள். "மீதி வைத்தால் சமைத்தவரை அவமதிப்பதுபோல. முடித்தால் இன்னும் வருகிறது. இவ்வளவு அன்பானவரிடம் நிறுத்துங்கள் என்று எப்படிச் சொல்வேன்? நிலாவிடமும் வெட்கமாக இருக்கிறது." பையிலிருந்து விடுதிப் படிவத்தைக் காட்டினாள். திங்கட்கிழமை பள்ளியில் கொடுக்க வேண்டுமாம். சிரிப்பு வந்தது, அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

மதியம் எல்லோரும் நகர நடுவே பபேடானில் ஒரு கோயில் அன்னதானத்துக்குப் போனோம். அங்கே வரிசையாக வாழையிலை. சாம்பார் வாளி நெருங்க நெருங்க மிசாகி வெளிறினாள். எனக்கு வயிறு நிறைந்துவிட்டது, வழக்கம்போல இலையை என் பக்கமாக மடித்தேன். வாளி என்னைத் தாண்டிப் போய்விட்டது.

"என்ன செய்தீர்கள்?" என்றாள் மிசாகி.

"இலையை மூடினேன். போதும், திருப்தி என்று அர்த்தம்."

"ஒன்றும் பேச வேண்டாமா? யாரும் வருந்த மாட்டார்களா?"

"மாட்டார்கள்."

இலையில் இருந்ததை வழித்துத் தின்றாள். வெடிகுண்டைத் தொடுவதுபோல இரு கைகளாலும் மெல்ல மூடினாள். பாயசம் வந்தது, நின்றது, தாண்டிப் போனது. மிசாகி வாய்விட்டுச் சிரித்தாள். பந்தியே திரும்பிப் பார்த்தது.

லட்சுமியக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். "அடியாத்தி! மூணு வாரமா புள்ளைய நான்தான் கொன்னேனா?" என்று தலையில் கைவைத்தார். பிறகு அவரும் விழுந்து விழுந்து சிரித்தார். திரும்பும்போது இன்சீன் சந்தையில் ஒரு கட்டு வாழையிலை வாங்கிக்கொண்டார்.

அன்று அவர்கள் வீட்டிலேயே தங்கினேன். திங்கள் காலை ஆறரைக்கு இலையில் இட்லி. மிசாகி நாலையும் முடித்தாள். லட்சுமியக்கா கரண்டியோடு பின்னால் நின்று கையைப் பிசைந்தார், பாவம், ஆனால் போடவில்லை. மிசாகி இலையை மூடவும் இல்லை. நிமிர்ந்து பார்த்துத் தமிழில் சொன்னாள்: "இன்னும் ஒண்ணு."

லட்சுமியக்காவின் முகத்தை நான் மறக்க மாட்டேன். எனக்குத்தான் அழுகை வந்தது.

படிவம் எங்கே என்று கேட்டேன். உங்களுக்கு முறுக்குப் பொட்டலம் கட்ட லட்சுமியக்காவிடம் கொடுத்துவிட்டேன் என்றாள் மிசாகி.

இன்சீனிலிருந்து விமான நிலையம் எட்டு கிலோமீட்டர், டாக்சி 4,000 கியாட், இருபத்தைந்து நிமிடம். இவையெல்லாம் அப்போதைய விலைகள். இப்போது நிலைமை வேறு, பயண எச்சரிக்கைகளைப் பார்க்காமல் டிக்கெட் போடாதீர்கள். டாலர் நோட்டில் மடிப்போ கறையோ இருந்தால் வாங்க மாட்டார்கள். பகோடா என்னும் புத்தர் கோயில்களில் செருப்போடு சாக்ஸையும் கழற்ற வேண்டும். பிள்ளைகளை இப்படி வெளிநாட்டு வீடுகளுக்கு அனுப்புபவர்கள் மொழிப் புத்தகத்தோடு, அந்த வீட்டில் "போதும்" என்பதை எப்படிச் சொல்வார்கள் என்றும் கேட்டு அனுப்புங்கள்.

ஏப்ரலில் நிலா ஜப்பான் வந்தாள். முதல் நாள் விருந்துக்கு என்னையும் கூப்பிட்டார்கள். நிலாவின் சோற்றுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் மிசாகி ஒரு பச்சைக் காகிதத்தை விரித்து வைத்திருந்தாள். போதும் என்றால் மடித்துவிடு என்றாள். எதிர்வீட்டு அம்மாள் கரண்டியோடு காத்திருந்தார். மூன்றாவது கிண்ணம் முடிந்தும் நிலா அந்தக் காகிதத்தைத் தொடவில்லை.