அம்மாவின் வாய்க்கட்டு

அரியலூர்த் தெருக்களில் காலை நேரத்தில் லோடு ஆட்டோவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "செட்டிகுளத்து சின்ன வெங்காயம்! உரிச்சா கண்ணு கலங்கும், வாங்கலன்னா மனசு கலங்கும்!" என்று ஒருவன் கத்திக்கொண்டு போவதைக் கேட்டிருப்பீர்கள். அப்போதுதான் தூங்கவைத்த குழந்தை எழுந்துவிட்டதென்று அவனைத் திட்டியும் இருப்பீர்கள். அது நான்தான். மற்ற வெங்காயக்காரர்கள் குரலைப் பதிவு செய்து ஓடவிட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறார்கள். நான் மட்டும் தொண்டை நரம்பு புடைக்கக் கத்துகிறேன். "ஒரு ரெக்கார்டு போட்டுக்கக் கூடாதாப்பா?" என்று யாராவது கேட்டால், "இது சாமி குடுத்த குரலுங்க, டப்பாக்குள்ள அடைக்கக் கூடாது" என்பேன். கேட்டவர் சிரிப்பார், நானும் சிரிப்பேன். எங்கள் ஊரில் அதைச் சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள். கையெடுத்துக் கும்பிடுவார்கள்.

ஐந்து வயது முடியும்வரை நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. காது நன்றாகக் கேட்டது. சட்டியில் அப்பளம் பொரிகிற சத்தம் கேட்டால் மூன்றாவது தெருவிலிருந்து ஓடி வருவேன். திருச்சியில் ஒரு டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்துப் பார்த்து, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, பொறுங்கள் என்று அனுப்பிவிட்டார். எல்லாம் சரியாக இருந்தும் வேலை செய்யாத பொருள் என்று என்னைப் பற்றி முதலில் சொன்னவர் அவர்தான். பிற்பாடு பல பேர் சொன்னார்கள்.

எங்கள் வீட்டில் பேச்சுக்குப் பஞ்சமில்லை. எல்லாருக்கும் சேர்த்து அம்மா பேசினாள். வெங்காயக் காட்டில் தாள் கிள்ள உட்கார்ந்தால், அம்மா ஒரு பாத்தி முடிப்பதற்குள் ஊரில் நான்கு வீட்டுக் கல்யாணமும் இரண்டு வீட்டுச் சண்டையும் முடிந்திருக்கும். நான் கையைத் தூக்கினால் போதும், "தண்ணி வேணுமாம் எம்புள்ளைக்கு." கண்ணைக் கசக்கினால், "தூக்கம் வந்துருச்சாம்." அப்பாவிடம் யாராவது சௌக்கியமா என்று கேட்டால், அதற்கும் அம்மாவே பதில் சொல்வாள். அப்பா சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் டிப்பர் லாரி ஓட்டினார். நாள் முழுக்க லாரி இரைச்சல், வீட்டுக்கு வந்தால் அம்மா. அந்த மனுஷன் வாயைத் திறந்தது சாப்பிடுவதற்கும் கொட்டாவிக்கும்தான்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அப்பா வாய் திறப்பார். அவருக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. லாரியில் எலுமிச்சம்பழம் கட்ட விடமாட்டார். "சாமி வண்டிய பாத்துக்கும்னா, பிரேக்கையும் அதையே மிதிக்கச் சொல்லு" என்பார்.

அப்படிப்பட்ட அப்பா ஒருநாள் லாரியை நிறுத்திவிட்டு வந்து, பேச்சு வராத பிள்ளைகளுக்கென்று திருச்சியில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது, அங்கேயே தங்கிப் படிக்கவேண்டும், ஜூன் மாதம் சேர்த்துக்கொள்வார்கள், விசாரித்துவிட்டேன் என்றார்.

"என் புள்ளைய கொண்டுபோயி ஆஸ்டல்ல போடவா? அவன் பசிக்குதுன்னு யாருகிட்ட சொல்லுவான்?"

"அதைச் சொல்லக் கத்துக்கத்தான் அனுப்புறது. நாளைக்கு நீயும் நானும் போயிட்டா, அவனுக்காக யாரு பேசுவா?"

அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். பேச்சின் நடுவில் அவள் எழுந்து போனதை நான் பார்த்தது அதுதான் முதல்முறை. மறுநாள் தைப்பூசம். அம்மா செட்டிகுளம் முருகன் மலைக்குப் போனாள். திரும்பி வரும்போது வாயில் மஞ்சள் துணி கட்டியிருந்தது.

கூடப் போயிருந்த பெரியம்மாதான் விவரம் சொன்னாள். பெரியம்மா அம்மாவுக்கு அக்கா. அம்மாவுக்குப் பேசக் கற்றுக்கொடுத்ததே அவள்தான் என்று நினைக்கிறேன். "முருகங்கிட்ட வேண்டிக்கிட்டா தம்பி. பங்குனி உத்திரத்துக்கு மலையேறி கட்டு அவுக்குற வரைக்கும் ஒரு பேச்சு பேசமாட்டா. தன் கொரல சாமிகிட்ட குடுத்துட்டு, அதைப் புள்ளைக்குக் கேட்டுருக்கா."

அப்பா அம்மாவைப் பார்த்தார். "இவளா? பங்குனி வரைக்குமா? அடுப்புல சோறு கொதிக்கிற வரைக்கும் தாங்குவாளான்னு பாப்போம்."

அம்மா தாங்கினாள். சாப்பிட மட்டும் துணியை அவிழ்ப்பாள், பிறகு கட்டிக்கொள்வாள். எங்கள் வீட்டில் அடுப்பில் விறகு வெடிக்கிற சத்தம் உண்டென்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தெருவில் போகிறவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையோ என்று.

அம்மா இப்போது என்னைப் போலவே கையைக் காட்டிப் பேசினாள். ஆனால் அந்தத் தொழிலில் அவள் புதுசு, நான் ஐந்து வருஷ அனுபவஸ்தன். அவள் சுண்டுவிரலை அசைத்தால் எனக்குப் புரிந்துவிடும். அப்பாவுக்கு ஒரு எழவும் புரியாது. விளக்குமாற்றைக் கேட்டால் முறத்தைக் கொடுப்பார். ஆட்டைக் கட்டச் சொன்னால் கதவைச் சாத்துவார்.

ஒரு மத்தியானம் அப்பா வீட்டிலிருந்தார். மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். அம்மா ஒரு வாய் வைத்ததும் முகத்தைச் சுளித்தாள். விரல் நுனிகளைக் குவித்து, தட்டுக்குமேல் தூவுவதுபோலத் தேய்த்துக் காட்டினாள். அப்பா எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். அம்மா தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் தேய்த்தாள். அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். சாமி மாடத்திலிருந்து திருநீற்றுத் தட்டைப் பிடிக்காத பொருளைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டு வந்தார். "இந்தா. சோத்துல போட்டா திங்கப் போற?" அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டு இன்னும் வேகமாகத் தேய்த்தாள். அப்பா வாசலுக்குப் போய்க் கோலமாவு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு பெரிய லாரியை ஓட்டுகிற மனுஷனுக்கு இதுகூடத் தெரியாதா?

"உப்புப்பா!"

கோலமாவு டப்பா கீழே விழுந்தது. குழம்பு, சோறு, அப்பாவின் கால், எல்லாம் வெள்ளை. அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று நானே திரும்பிப் பார்த்தேன்.

அம்மா வாயைத் திறந்தாள். உடனே சோற்றுக் கையாலேயே பொத்திக்கொண்டாள். இப்போது ஒரு சத்தம் போட்டால் சாமி கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் என்ற பயம். கத்தவும் முடியாமல், அழவும் முடியாமல், சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கினாள். நான் கத்தியதில் கோபம்போல என்று நினைத்து ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தேன்.

அப்பா மாவுக் காலோடு என் முன்னால் குந்தினார். "திருப்பிச் சொல்லுடா."

"உப்பு."

"இன்னொரு தடவ."

"உப்பு!"

சோறு ஆறிப்போகும்வரை சொல்லவைத்தார். கடைசிவரை யாரும் உப்புப் போடவில்லை.

பெரியம்மா சாயங்காலத்துக்குள் ஊரையே கூட்டிவிட்டாள். வந்தவர்களெல்லாம் "எங்க, உப்புன்னு சொல்லு" என்றார்கள். சொன்னேன். கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒரு கிழவர் என் வாயால் கேட்ட உப்பை வீட்டில் கொஞ்சம் வைத்துக்கொள்ளலாம் என்று எங்கள் உப்பு ஜாடியையே தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

கூட்டம் கலைந்ததும் அப்பா அம்மாவைப் பார்த்து உட்கார்ந்தார். கல்யாணமானதிலிருந்து அவருக்கு இப்படி ஒரு வாய்ப்புக் கிடைத்ததில்லை. குறுக்கே பேச ஆளில்லை.

"இங்க பாரு. இவனுக்கு எல்லாத்தையும் நீயே பேசிட்டிருந்த. இவனுக்குப் பேச வேண்டிய தேவையே வரல. நீ வாய மூடுன, இவன் தொறந்தான். இதுல முருகன் எங்க வந்தாரு?"

அம்மாவின் கண் சிவந்தது. எழுந்து நின்று, மலை இருக்கிற திசையைக் காட்டினாள். பிறகு வாயில் கட்டிய துணியைக் காட்டினாள். பிறகு அப்பாவைக் காட்டிக் கையை விரித்தாள்.

அப்பா என்னைப் பார்த்தார். "என்னடா சொல்றா?"

"அம்மா வாய மூட வெச்சது யாருன்னு கேக்குது. நீயா?" உப்பைத் தாண்டி நான் பேசிய முதல் பேச்சு அது.

"இல்லதான். அது என்னால முடியல" என்றார் அப்பா.

இந்த வழக்கில் அதற்குமேல் வாதம் இன்றுவரை நடக்கவில்லை. அற்புதத்தையெல்லாம் நம்பலாமா கூடாதா என்று யாராவது கேட்டால், அந்த ஒரு கேள்விக்குத்தான் நான் மைக்கை அணைப்பேன். வெங்காயத்தை உரித்துக்கொண்டே போனால் உள்ளே என்ன இருக்கும் என்று கேட்பவருக்கு நான் என்ன சொல்ல? கண்ணீர் வந்ததென்னவோ நிஜம்.

அதற்குப் பிறகு அம்மாவின் வாய் நான்தான். கடைக்குப் போனால் அவள் பருப்பைக் காட்டுவாள், நான், "கால் கிலோ பருப்பு, ரெண்டு கடலமுட்டாய்" என்பேன். அம்மா முதுகில் ஒன்று வைப்பாள். "சரி, மூணு கடலமுட்டாயாம்." கடைக்காரருக்குச் சிரித்து மாளாது.

ஆனால் பங்குனி நெருங்க நெருங்க எனக்கு ஒரு கணக்கு உதைத்தது. தன் குரலைக் கொடுத்துவிட்டு வாங்கியிருக்கிறாள் என்று பெரியம்மா ஊர்பூராவும் சொல்லிக்கொண்டிருந்தாள் அல்லவா? எனக்கு அது நன்றாகவே விளங்கியது. வீட்டில் இருந்தது ஒரே ஒரு குரல். அம்மாவிடமிருந்து கழற்றி எனக்கு மாட்டிவிட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் ஒரே ஒரு டார்ச்லைட் இருந்ததுபோல. நான் பேசப் பேச அது தீரும். தீர்ந்துபோனதைத் திருப்பிக் கொடுத்து என்ன பயன்? நான் ஏற்கெனவே கடலைமிட்டாய்க்கே நிறையச் செலவு செய்திருந்தேன்.

உத்திரத்தன்று மலையேறினோம். அப்பாவும் வந்தார். செருப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வந்தவர், செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு எங்கள் பின்னால் ஏறினார். மேலே வேலுக்குப் பதிலாகக் கரும்பைப் பிடித்தபடி முருகன் நின்றிருந்தார். ஊர்ஜனம் சுற்றி நின்றது. குருக்கள் திருநீறு கொடுத்து, "அவுத்துடலாம்மா" என்றார். பெரியம்மா முடிச்சை அவிழ்த்தாள்.

அம்மா முருகனைப் பார்த்து வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. காற்றுதான் வந்தது. தொண்டையைச் செருமினாள். மறுபடியும் காற்று.

தீர்த்துவிட்டேன். முழுவதையும் நானே தீர்த்துவிட்டேன்.

"சாமி முன்னாடி பேசுடா ராசா" என்றாள் பெரியம்மா. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். மிச்சம் ஏதாவது இருந்தால் அம்மாவுக்காவது இருக்கட்டும். "உப்புன்னு சொல்லுடா." தலையை ஆட்டினேன். தொடையில் கிள்ளினாள். கண்ணில் தண்ணீர் வந்தது, சத்தம் வரவில்லை. கூட்டத்தில் யாரோ, "வந்தது போயிருச்சு போலருக்கே" என்றார்கள். அம்மாவின் முகம் அப்போது போன போக்கை நான் இங்கே எழுதப்போவதில்லை. அந்த ஒரு நொடியில் மனசுக்குள் அவள் என்னைத் திருச்சியில் விட்டுவிட்டுத் தனியாக பஸ் ஏறிவிட்டாள்.

அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் முன்னால் குந்தினார், அன்றைக்குக் கோலமாவுக் காலோடு குந்தியதுபோலவே. காதைக் கொண்டுவந்து என் வாயில் வைத்தார்.

நான் சத்தமே இல்லாமல் சொன்னேன். "நான் பேசுனா அம்மாவுக்கு இல்லாம போயிரும்ப்பா."

அப்பா அம்மாவைப் பார்த்தார். திரும்பிக் கரும்போடு நிற்கிறவரைப் பார்த்தார். அப்பாவும் முருகனும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"அப்பிடியெல்லாம் இல்லடா" என்றார். "சாமி அவ்வளவு கஞ்சம் கெடையாது. ஒனக்கு வேற, அம்மாவுக்கு வேற. ரெண்டாத்தான் குடுத்துருக்கு."

பக்கத்திலிருந்த பெரியம்மா அப்பாவின் வாயிலிருந்து சாமி குடுத்தது என்ற வார்த்தையைக் கேட்டுக் கிள்ளுவதை நிறுத்திவிட்டாள்.

"நெசமா?"

"நெசமா. லாரி மேல சத்தியமா."

அப்பா லாரிமேல் பொய்ச்சத்தியம் செய்யமாட்டார். நான் அம்மாவிடம் போய், "தொண்ட காஞ்சு கெடக்கும். தண்ணி குடிம்மா" என்றேன். கூட்டத்தில் குலவை எழுந்தது. அம்மா தண்ணீர் குடித்தாள். பிறகு, தேங்காய் துருவுகிற சத்தம்போல ஒரு குரல் வந்தது.

"பேசு தங்கம். நான் கேக்குறேன்."

அவ்வளவுதான் சொன்னாள். குருக்கள் வந்து மூன்று பேர் நெற்றியிலும் திருநீறு பூசினார். அப்பா நெற்றியைக் காட்டிக்கொண்டு நின்றார்.

ஜூன் மாதம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே சேர்ந்தேன். அத்தனை பாடுபட்டுச் சேர்த்த பள்ளிக்கூடம், வகுப்பில் பேசியதற்காகவே என்னை வருஷம் முழுக்க வெளியே நிற்கவைத்தது. ஐந்தாவதோடு எனக்கும் அதற்கும் பேச்சுவார்த்தை முறிந்தது. அது வேறு.

அன்றைக்குப் படியிறங்கும்போது நான் பேசிக்கொண்டே வந்தேன். குரங்கைப் பற்றி, கரும்பை முருகன் எப்போது தின்பார் என்பதைப் பற்றி, கிள்ளிய பெரியம்மாவைப் பற்றி. ஊருக்கே சேர்த்துப் பேசுகிற அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ம்" என்றாள். அடுத்த படியில் இன்னொரு "ம்." பஸ்ஸில் ஏறியும் "ம்"தான். முன் சீட்டில் அப்பா வியர்வை வழிய உட்கார்ந்திருந்தார். கழுத்தைத் துடைத்தார், கன்னத்தைத் துடைத்தார், நெற்றியை மட்டும் துடைக்கவில்லை.

அம்மாவுக்குக் குரல் இன்னும் முழுசாக வந்துசேரவில்லை, பாவம், என்று நினைத்துக்கொண்டேன். அப்பாவுக்கு நெற்றியில் திருநீறு இருப்பது மறந்துபோய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். அதை அவருக்கு ஞாபகப்படுத்தலாம் என்று எட்டி அவர் தோளைத் தொடப் போனேன். அம்மா என் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.