வலிக்கத்தான் செய்யும் என்று சொன்ன அக்கா

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவுகளுக்கு அவரைப் பற்றி நான் புதிதாக என்ன சொல்ல? அவரிடம் ஒருமுறையாவது திட்டு வாங்காதவர் உங்களில் யார்?

அக்கா கான்சாபுரத்தில் பிறந்தார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு அம்மாவோடு களையெடுக்கப் போனார். திருமணமாகி ஸ்ரீவில்லிபுத்தூர் வந்த பிறகு, தினமும் பஸ் ஏறி ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி செய்யும் கம்பெனிக்கு வேலைக்குப் போனார். அந்தச் சம்பளத்தில்தான் அவர் பிள்ளைகளும் படித்தார்கள், தங்கை நானும் கரையேறினேன்.

இருமல் வந்தபோது பஞ்சுத் தூசி என்று நினைத்து, மருந்துக்கடை டானிக்கிலேயே மாதக்கணக்கில் ஓட்டினார். சளியில் ரத்தம் கண்ட பிறகே மதுரைக்குப் போனோம். நுரையீரலில் புற்று, ஒரு பாகத்தை வெட்டி எடுக்க வேண்டும் என்றார்கள். டாக்டர் எல்லாவற்றையும் விளக்கமாகத்தான் சொன்னார், ஆனால் அக்கா வீட்டுக்காரரான அத்தானிடம். அத்தானோ பயத்தில், சளிக்கட்டிதான், சின்ன ஆபரேஷன், ரெண்டு நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று அக்காவிடம் முடித்துவிட்டார். அத்தான் கோபித்துக்கொள்ள வேண்டாம், நம் எல்லார் வீட்டிலும் அதுதானே வழக்கம். நோயின் பெயரைச் சொன்னாலே ஆள் பாதி போய்விடுவார் என்று நினைக்கிறோம்.

கண் விழித்தபோது அக்காவின் விலாவில் ஒரு குழாய் செருகியிருந்தது. அதன் வழியே கட்டிலுக்குக் கீழிருந்த பாட்டிலில் ரத்தநீர் இறங்கிக்கொண்டிருந்தது. முதுகிலிருந்து விலா வரை தையல். மூச்சை இழுத்தாலே உயிர் போகிற வலி. ஆபரேஷன் கெட்டுப்போய்விட்டது, சாகத்தான் போகிறோம் என்று அன்று முழுக்க நினைத்துக் கிடந்திருக்கிறார். எல்லாருக்கும் வைக்கிற குழாய்தான், சில நாளில் எடுத்துவிடுவோம் என்று நர்ஸ் சொன்ன பிறகுதான் அழுதார். அத்தானோடு கொஞ்ச நாள் பேசவே இல்லை.

அதன் பிறகு எதையும் டாக்டரிடம் தானே கேட்டுக்கொண்டார். பார்க்க வந்த சொந்தமெல்லாம் அசையாமல் படுக்கச் சொன்னது. டாக்டர் நடக்கச் சொன்னார். அக்கா பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடந்தார். தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமினார். தன் காயத்துக் கட்டைப் பார்த்து, எந்தக் கம்பெனிச் சரக்கோ, ஓரமெல்லாம் பிரிகிறது என்று அவர் குறை சொன்ன அன்றுதான் எங்களுக்கு உயிர் வந்தது.

வீடு திரும்பியது பழைய அக்கா இல்லை. பாதி மாடிப்படியிலேயே மூச்சு வாங்கியது. மார்புக்குக் கீழே மரத்தது மரத்தபடியே கிடந்தது. கம்பெனி வேலையும் போயிற்று. ஆனால் இதே ஆபரேஷனுக்குப் பயந்தவர்கள் கேள்விப்பட்டுத் தேடி வந்தார்கள். மம்சாபுரத்து அண்ணன் ஒருவர் வந்தபோது, வலிக்காது என்று சொல்லும்படி அவர் மனைவி அக்காவைத் தனியே கூப்பிட்டுக் கெஞ்சினார். அக்கா ஒப்பவில்லை.

"வலிக்கத்தான்ணே செய்யும். குழாய் இருக்கும், பயந்துராதீக. அதெல்லாம் கொறஞ்சிரும். மூச்சு மட்டும் பழைய மாதிரி வராது."

அந்தப் பெண் முகங்கொடுத்துப் பேசாமல் போனார். அண்ணன் ஆபரேஷன் செய்துகொண்டார். அக்காவின் இறுதிச் சடங்குக்கு மூச்சிரைக்க வந்து நின்று, எல்லாம் அக்கா சொன்னபடிதான் இருந்தது, அதனால்தான் பயப்படவில்லை என்று சொல்லி அழுதார்.

ஆபரேஷன் முடிந்து இரண்டு ஆண்டு நிறையுமுன் அக்காவுக்கு நோய் திரும்பியது. இந்த முறை டாக்டர் அக்காவிடமே சொன்னார், இனி வெட்ட முடியாது என்று. அந்த வாரங்களில் ஆக்சிஜன் சிலிண்டரை மாடியேற்றித் தந்த தெருப் பிள்ளைகளுக்கும், வேலை முடிந்து நேரே வந்து அக்காவுக்குத் தலை வாரிவிட்ட கம்பெனித் தோழிகளுக்கும், மருத்துவர்களுக்கும், செவிலியருக்கும், பக்கத்தை விட்டு நகராத அத்தானுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது.

கடைசி வாரத்தில் ஒரு மத்தியானம், நானும் அக்காவும் மட்டும் இருந்தோம்.

"ஏட்டி, ஆபரேஷன் எப்படி இருக்கும்னு அம்புட்டுப் பேரும் என்னட்ட வந்து கேட்டாக. இனிமே வாரது எப்படி இருக்கும்னு நான் யார்ட்டக் கேக்க?"

ஒன்றுமில்லைக்கா, தூங்குகிற மாதிரிதான் இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்ல முடியவில்லை.

"தெரியலக்கா" என்றேன்.

"சரிட்டி. தெரியலைன்னாச்சும் சொன்னியே" என்று என் கையைப் பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். கையை மட்டும் விடவில்லை.