திருப்பத்தில் கேட்ட சத்தம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் புதுச்சேரியில் நான் லாரி பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். அரிசி மண்டி லாரியை ஓட்டிய சூசை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்னைத் தேடி வந்தார்.

“வண்டிய ஒடிச்சுத் திருப்பினா முன்னால டொக்கு டொக்குனு சத்தம் வருதுண்ணே. கொஞ்சம் பாருங்க.”

மாதா கோயில் பூசைக்குப் போக வெள்ளை உடுத்தியிருந்தேன். வண்டிக்கு அடியில் படுத்தால் அழுக்காகிவிடும். “மூட்டை ஆடுற சத்தமா இருக்கும். தைரியமா ஓட்டுப்பா” என்று அனுப்பிவிட்டேன்.

மறுநாள் தவளக்குப்பம் அருகே ஒரு வளைவில் முன்சக்கரம் மடங்கி லாரி வாய்க்காலில் சாய்ந்தது. சூசைக்கு வலது கை முறிந்தது.

இரண்டு நாள் கழித்து மண்டி முதலாளி எங்கள் இருவரையும் நிறுத்தி என்னிடம் கேட்டார்: “இவன் முன்னமே உங்கிட்ட ஏதாச்சும் சொன்னானா?”

“இல்லீங்க” என்றேன்.

கையில் கட்டோடு நின்ற சூசை என்னையே பார்த்தார். மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. வேகமாக ஓட்டியதாகச் சொல்லி அவரை அன்றே வேலையிலிருந்து நீக்கினார்கள்.

அதன் பிறகுதான் சக்கரத்தைக் கழற்றினேன். அது திரும்புவதற்கான இரும்பு முளை பாதிக்கு மேல் தேய்ந்து முறிந்திருந்தது. அன்று சக்கரத்தைக் கையால் அசைத்திருந்தாலே தெரிந்திருக்கும்.

முளையைக் கொண்டுபோய் முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன். சூசையைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். ஆனால் கட்டுப் பிரித்த பிறகும் அந்தக் கையால் ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியவில்லை. கிடங்குக் காவலுக்குத்தான் வைத்தார்கள்.

“அன்னைக்கே ஏம்ப்பா சொல்லல?” என்று அவரிடம் கேட்டேன்.

“நீங்களே சொல்லுவீங்கன்னு பார்த்துக்கிட்டு நின்னேண்ணே.”

அவர் என்னைத் திட்டியிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன்.