வெண்டிக்காய் முறித்த டொரத்தி

கோபப்பட வேண்டிய மனிதர் சிரித்துக்கொண்டே நின்றார். நாலாவது டேக்கும் வீண். இயக்குநர் "கூப்பே!" என்று பிரெஞ்சில் கத்திப் படப்பிடிப்பை நிறுத்தினார்.

எண்பதுகளில் பாரிசில் தொலைக்காட்சித் தொடர்களுக்கு உடுப்புப் பிரிவில் வேலை செய்தேன். ஆங்கிலம் தெரிந்தவள் என்பதால், இலண்டனிலிருந்து வந்த டொரத்தியை என் பொறுப்பில் விட்டிருந்தார்கள். சினிமாவிலும் டிவியிலும் நர்ஸ், கன்னியாஸ்திரி, மாமியார் என்று துணை வேடங்களிலேயே தலை நரைத்தவர். "கதாநாயகியாக ஒருநாளும் இல்லை. ஆனால் பலமுறை கொலையாகியிருக்கிறேன். பிணத்துக்கு வசனம் மறக்காது, நல்ல வேலை" என்பார்.

இந்தத் தொடரில் அவருக்கு ஒரே காட்சிதான். பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பேலில் ஒரு மரக்கறிக் கடைக்கு வந்து குறை சொல்ல வேண்டும். கடைக்காரர் சினந்து விரட்ட வேண்டும். கடைக்காரராக நடித்தவர் அந்தக் கடையின் உண்மையான முதலாளி செல்வராசா அண்ணை.

"அண்ணை, கொஞ்சம் கோவிச்சுப் பேசுங்கோவன்" என்றேன்.

"கடைக்கு வந்த மனிசியோட எப்பிடித் தங்கச்சி கோவிக்கிறது? பாவம், வயசான அம்மா."

படப்பிடிப்புக்காக மூடிய தெருவை மதியத்தோடு திறந்துவிட வேண்டும். இன்னொரு டேக் பார்ப்பது, சரிவராவிட்டால் காட்சியையே வெட்டுவது என்று இயக்குநர் முடிவு செய்தார். டொரத்தியிடம் அதைத் தயக்கத்தோடு சொன்னேன். அவர் மரக்கறிப் பெட்டிகளை ஒருமுறை பார்த்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனார்.

கமரா ஓடியது. டொரத்தி வசனம் பேசவில்லை. வெண்டிக்காய்ப் பெட்டியில் கையை விட்டு, ஒன்றை எடுத்து நுனியை முறித்தார். முகம் சுளித்துப் போட்டார். அடுத்ததையும் முறித்தார். அதற்கடுத்ததையும்.

அண்ணையின் சிரிப்பு போய்விட்டது.

"ஏய் மனிசி, விடு அதை! முறிச்ச வெண்டிக்காயை இனி ஆர் வாங்கிறது? விசரே உனக்கு? எருமை!"

டொரத்தி ஆங்கிலத்தில் திருப்பிக் கத்தியபடி இன்னும் இரண்டை முறித்தார். அண்ணை கமராவை மறந்து அவரைத் தெருவரை விரட்டினார். இயக்குநர் கை தட்டினார்.

"ஐயோ தங்கச்சி, அந்தம்மாட்ட எனக்காக மன்னிப்புக் கேளுங்கோ" என்று அண்ணை தவித்தார். எருமை என்றால் என்ன என்று டொரத்தி கேட்டார். சொன்னேன். "விமர்சகர்கள் இதைவிட மோசமாக எழுதியிருக்கிறார்கள்" என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

"வெண்டிக்காய் விஷயம் எப்படித் தெரியும்?" என்றேன்.

"காலையில், படப்பிடிப்புக்கு முன், வாங்க வந்த ஒரு பெண் இப்படி முறித்தாள். கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவர் முகம் போன போக்கைப் பார்த்தேன்."

தொடர் ஒளிபரப்பானபோது எனக்குத்தான் ஆத்திரம். திரை முழுக்க அண்ணையின் முகம். டொரத்திக்கு முதுகும் ஒரு கையும் மட்டும். இலண்டனுக்கு போன் போட்டுப் பொருமினேன்.

"அது கிடக்கட்டும். என் கை எப்படி நடித்திருக்கிறது?" என்று கேட்டார்.

அதன் பிறகு எந்த நடிகருக்கு உடுப்புத் தைத்தாலும், கழுத்துப் பட்டியைவிட முதுகுத் தையலையும் கைமடிப்பையும்தான் முதலில் சரிபார்த்தேன்.