முனை மழுக்கும் றுமைஸ் காக்கா

மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அதிகாரி கத்தத் தொடங்கியதும் றுமைஸ் காக்கா சட்டையின் கழுத்துப் பொத்தானைப் பூட்டிக்கொள்வார். எதிரே நிற்கும் உழவு மெஷின்காரரின் அறிவையும், அவரைப் பெற்றவர்களின் அறிவையும் அதிகாரி ஒரே மூச்சில் சிங்களத்தில் அளந்து முடிப்பார். றுமைஸ் காக்கா மெதுவாகத் திரும்பி, "சேர் கொஞ்சம் மனவருத்தப்படுறாரு. இனி மெஷின மெள்ளமா ஓட்டட்டாம்" என்பார். மெஷின்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு, "இவண்ட தலையில இடி விழ" என்பார். அது சிங்களத்தில், "உங்கள் தலையை ஆண்டவன் பார்த்துக்கொள்ளட்டும் என்கிறார், சேர்" என்று போய்ச் சேரும். அதிகாரி குளிர்ந்து போவார். விஷயம் எச்சரிக்கையோடு முடியும்.

சாய்ந்தமருதில் இருக்கிற, ஊரே அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுகிற இந்த மனிதருக்கு இதுதான் தொழில். இளவயதில் அம்பாறை நகரத்தில் ஒரு சைக்கிள் கடையில் வேலை பார்த்தபோது ஒட்டிக்கொண்ட சிங்களம் அது. இன்று கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையில் யாருக்காவது கந்தோரில், கோட்டில், காட்டு இலாகாவில் சிங்களம் தேவைப்பட்டால், றுமைஸ் காக்காவின் பழைய மோட்டார் சைக்கிள் வாசலில் வந்து நிற்கும். ஆள் மெலிவு. குரல் அதைவிட மெலிவு. கடுஞ்சொல் ஒன்று இவர் வழியாகப் போனால், அந்தப் பக்கம் போய்ச் சேருவது அதன் நிழல்தான்.

யாராவது குறை சொன்னால் கோபப்பட மாட்டார். "பாஷையெண்டா மீன் மாதிரித் தம்பி. முள்ளெடுத்துத்தான் குடுக்கணும். தொண்டயில சிக்கினா ஆரு பதில் செல்ற?" என்பார். சும்மா சொல்லக்கூடாது, இவர் முள்ளெடுத்த புண்ணியத்தில் வயல் எல்லைத் தகராறுகள் எத்தனையோ வெட்டுக்குத்து இல்லாமல் முடிந்திருக்கின்றன. பூசி மெழுகுகிறவர் என்று ஊர் சிரிக்கும். அவசரமென்றால் அதே ஊர் அவர் வாசலில்தான் போய் நிற்கும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. யாரைக் கண்டாலும் முதலில் ஆளை அடையாளம் பிடித்தாக வேண்டும். வாப்பா ஆரு, உம்மாட ஊரு எது, என்ன குடி? இந்தக் கரையில் குடி என்கிற வம்சப் பெயர் தாய்வழியாக வருவது. ஆகவே மூன்றாவது கேள்வியிலேயே எந்த மனிதரையும் அவருடைய உம்மாவின் குசினிக்குள், அடுப்படி வரைக்கும் பின்தொடர்ந்து போய்விடலாம். தேநீர் ஆறுவதற்குள் றுமைஸ் காக்கா அவருக்கு மாமாவாகவோ மச்சானாகவோ ஆகியிருப்பார்.

இப்படிப்பட்டவரை இராணுவத்தின் மனநலக் குழு தேடிப் பிடித்ததில் வியப்பில்லை. அம்பாறைப் பக்கத்து முகாமொன்றுக்கு அந்தக் குழு மாதாமாதம் வரும். களத்தில் பட்ட அதிர்ச்சியால் தூங்காதவர்கள், காரணமில்லாமல் கைநடுங்குகிறவர்கள், சாப்பாட்டுத் தட்டை வெறித்துக்கொண்டிருப்பவர்கள், இவர்களைக் கண்டுபிடித்துத் தேற்றுவது அதன் வேலை. சிங்களத்தில் கேட்டால் தமிழ் பேசுகிற சிப்பாய்கள் "நல்லம், மேடம்" என்று சல்யூட் அடித்துவிடுகிறார்களாம். உத்தரவை எந்த மொழியிலும் வாங்கலாம், அழுகை தாய்மொழியில்தான் வரும் என்று மேலிடத்தில் யாரோ கண்டுபிடித்திருந்தார்கள். கண்டுபிடிப்பு சரிதான். அதற்குப் பிடித்த ஆள்தான் றுமைஸ் காக்கா.

முதல் நாள் அவர் பார்த்தது மைதானத்தில் நடந்த தளர்வுப் பயிற்சி. சிரிக்கிற மஞ்சள் முகம் போட்ட பதாகையின் கீழே ஒரு சார்ஜன்ட் நின்றார். வெயிலில் வரிசையாக இருத்தப்பட்ட சிப்பாய்களைப் பார்த்து, "மூச்சை இழு!" என்று கர்ச்சித்தார். இழுத்தார்கள். "விடு!" விட்டார்கள். "மனதைத் தளர்த்து!" என்றார். எல்லோரும் சட்டென்று தளர்ந்தார்கள். "பின்வரிசை! ஏன் இன்னும் தளரவில்லை?" என்று கேட்டதும் பின்வரிசை பயந்துபோய் இன்னும் விறைப்பாகத் தளர்ந்தது.

அடுத்து, மன அழுத்தத்துக்கு ஒன்றிலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்ல வேண்டும். முதலாவதாக இருந்த கோப்ரல் எழுந்து நின்று, "எத்தனை வேணும், சேர்?" என்று பணிவாகக் கேட்டான். சார்ஜன்ட் யோசித்து, மூன்று என்றால் அளவாக இருக்கும் என்றார். அன்றைக்கு முகாம் முழுவதற்கும் மூன்று. றுமைஸ் காக்கா வீட்டுக்கு வந்து மனைவியிடம், "பட்டாளத்துக்காரனெல்லாம் சோக்கா இரிக்கான் புள்ள. ஒரே அளவுல கவலப்படுறான்" என்றார்.

ஆனால் குழுவின் டொக்டர், கப்டன் நில்மினி, வேறு ரகம். வேலை தெரிந்தவர். பயந்தவனை நோயாளி என்று முத்திரை குத்தித் தூரத்து ஆஸ்பத்திரிக்குத் துரத்தக்கூடாது, கூட்டாளிகளுக்குப் பக்கத்திலேயே வைத்து நேரத்தோடு கவனிக்க வேண்டும் என்பது அவருடைய பாடம். தூங்கவிடு, சூடாகச் சோறு கொடு, சொல்வதைக் காதுகொடுத்துக் கேள், பிறகு மெல்ல வேலைக்குத் திருப்பு. நல்ல பாடம். என்ன, கப்டனின் தமிழ்க் காது றுமைஸ் காக்காவாக இருந்தது. அந்தக் காதில் விழுந்த எதுவும் விழுந்தபடி உள்ளே போனதில்லை.

போன மாசம் இஹ்ஸான் என்ற சிப்பாயைக் கூட்டிவந்தார்கள். ஆபிரிக்காவில் அமைதிப் படையோடு லொறி ஓட்டியவன். முன்னால் போன வாகனம் கண்ணிவெடியில் சிதறியபோது அடுத்த வாகனத்தின் ஸ்டியரிங்கில் இருந்தவன் இவன்தான். மீண்டும் அங்கே புறப்படுகிற அணியில் பெயர் இருந்தது. போகத் தகுதியா இல்லையா என்று கப்டன் அன்றைக்கே முடிவு சொல்லியாக வேண்டும்.

"எப்படித் தூங்குகிறார் என்று கேளுங்கள்" என்றார் கப்டன்.

றுமைஸ் காக்கா கதிரையை இழுத்துப் போட்டார். "மகன் எந்த ஊரு?"

"சம்மாந்துற."

"சம்மாந்துறயில ஆர்ர மகன்?"

பையன் தயங்கித் தயங்கிச் சொன்னான். றுமைஸ் காக்காவின் முகம் மலர்ந்தது. "மில்லடி சுஹறாட மகனா நீங்க? அட, ஒங்கட மாமா சப்ரி நம்மட கூட்டாளியெல்லுவா! தங்கச்சி றஸ்னாக்கு ஊடு கட்டுற நீங்கதானே?"

பையனின் முகம் கடையின் இரும்புக் கதவு போல இறங்கி மூடியது. இங்கே சொல்வது பொழுது சாய்வதற்குள் உம்மாவின் குசினியில் கேட்கும் என்று அவனுக்கு விளங்கிவிட்டது.

"என்ன சொல்கிறார்?" என்று கேட்டார் கப்டன்.

"நல்ல குடும்பம், மேடம்."

தூக்கத்தைப் பற்றிக் கேட்டதாகக் கப்டன் நினைவூட்டினார். றுமைஸ் காக்கா கேட்டார். பையன் நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, யாரிடம் சொல்கிறோம் என்ற பயத்தையும் மீறி அது வெளியே வந்தது.

"மாமா, உம்மாக்கு மட்டும் செல்லிராதீங்க. ராவையில டியூட்டிக்கு நிக்கக்குள்ள துவக்கு வாய்க்குள்ள போகுது. நான் வைக்கல்ல மாமா. அதுவாப் போகுது. நேத்தும் போச்சி."

றுமைஸ் காக்கா பையனின் வாயையும், அதற்குள் ஒரு துப்பாக்கிக் குழலையும் கண்டார். அதே கணத்தில், கதவு நிலைக்கு மேல் லிண்டல் மட்டத்தோடு கூரையில்லாமல் நின்றுபோன றஸ்னாவின் வீடும் மனதில் வந்து நின்றது. வீடில்லாமல் இந்தக் கரையில் பெண்ணுக்குக் கலியாணமில்லை. கட்டிக் கொடுக்க வேண்டியவன் இவன். போகத் தகுதியில்லை என்றால் அமைதிப் படைச் சம்பளம் இல்லை, வீடு பாதியில் நிற்கும். தமையனுக்கு மூளைப் பிசகு என்று ஊர்வாயில் விழுந்தால் பேசி வைத்த சம்பந்தமும் நிற்கும். அந்தக் குடும்பத்துக்கு நல்லது செய்கிறோம் என்று மனதார நினைத்துக்கொண்டே அவர் கப்டன் பக்கம் திரும்பினார்.

"தூக்கம் கொஞ்சம் குறைவு, மேடம். வீட்டு ஞாபகம்."

கப்டனின் முகத்தில் ஆறுதல் தெரிந்தது. வீட்டு ஞாபகம் எல்லோருக்கும் வருவதுதான், தூங்குவதற்குக் குளிசை தருகிறேன், அணியோடு போகலாம் என்றார். பையனைக் கூட்டிவந்திருந்த சார்ஜன்ட் குளிசை எடுக்க வெளியே போனார்.

இஹ்ஸான் பட்டாளத்தில் சேர்ந்து வருஷக் கணக்காகிறது. கப்டன் பேசிய சிங்களத்தை விளங்கிக்கொள்ள அவனுக்கு யாரும் தேவையில்லை. றுமைஸ் காக்கா பேசிய சிங்களத்தை விளங்கவும்தான். இது அவருக்கு அதுவரை உறைக்கவில்லை. கந்தோர்களிலும் கோட்டுகளிலும் அவர் கூட்டிப்போன சனங்களுக்கு மற்றப் பக்கத்து மொழி தெரியாது. அந்த இருட்டில்தான் இத்தனை காலமும் அவருடைய தொழில் நடந்தது. தன்னுடைய பேச்சு தன் கண்முன்னாலேயே இளைத்துப் போனதைக் கேட்டுவிட்ட முதல் ஆள் இவன்.

பையன் சண்டைக்கு வரவில்லை. எழுந்து கப்டனுக்கு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தான். பிறகு றுமைஸ் காக்காவைப் பார்த்து, பெரியவரைத் தேற்றுகிற குரலில் சொன்னான்:

"பறவால்ல மாமா. தங்கச்சிட ஊடு முடியட்டும்."

கதவை நோக்கி நடந்தான். கைப்பிடியைத் திருகினான்.

"மேடம்" என்றார் றுமைஸ் காக்கா. அவருடைய குரல் அறை முழுக்கக் கேட்டது. "நான் சொன்னது பிழை."

கப்டன் நிமிர்ந்து பார்த்தார். "பிழையா? அப்படியென்றால் என்ன சொன்னார்?"

றுமைஸ் காக்கா வாயைத் திறந்தார். கோபத்துக்கு அவரிடம் மனவருத்தம் இருந்தது. ஏமாற்றுக்குச் சிறு தாமதம் இருந்தது. அடிதடிக்குக்கூட ஒரு பேச்சுவார்த்தை இருந்தது. கடுமையான சிங்களச் சொற்களையெல்லாம் ஆயுள் முழுவதும் காதால் வாங்கியிருந்தாரே தவிர, ஒன்றையாவது வாயால் சொல்லிப் பழகவில்லை. நாக்கு புரண்டு புரண்டு பார்த்தது. வந்ததெல்லாம் மெத்தென்ற சொற்கள். ஒவ்வொன்றையும் விழுங்கினார். வாசலில் நின்ற பையன் திரும்பிப் பார்த்தான்.

"சொல்லுங்கள்" என்றார் கப்டன்.

றுமைஸ் காக்கா வலது கையின் சுட்டுவிரலை நீட்டினார். வாயை அகலத் திறந்து, விரலை உள்ளே விட்டு, மேலண்ணத்தில் அழுத்தி வைத்தார். கப்டன் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பி, பையனின் பக்கம் ஓடும் வரைக்கும் அவர் விரலை எடுக்கவில்லை.